தாச்சிப் பாட்டு

என் மகள் ஹுஸ்னியா தன் உம்மாவின் குரலைக் கேட்டதே இல்லை. கேட்க முடியாமல் செய்தவன் நான். இருபது வருடமாக அவளிடம் இதை மறைத்தேன். உங்களிடமும் மறைத்துக் கதையை இழுக்க எனக்கு விருப்பமில்லை.

அதற்கு முன் என் பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹுஸ்னியா அவற்றுக்கு வைத்த பெயர் தாச்சிப் பாட்டு. தாச்சியில் எண்ணெய் கொதித்து மீன் பொரிகிற இரைச்சல், அதற்குள் எங்கோ ஒரு மனிதன் நின்று பாடுகிறான். நான் கோமாரியில் தேங்காய் ஏற்றிக் கல்முனைக்கு லொறி ஓட்டுகிறவன். போகும்போதும் வரும்போதும் லொறியில் அதுதான் ஓடும். கடையில் தேங்காய் இறக்குகிறவர்கள், "மீராசா காக்கா, ஒங்கட செட் பழுதாகிட்டுது போல" என்பார்கள். நான் சத்தத்தைக் கூட்டிவைப்பேன். காது இருந்தும் கேட்கத் தெரியாதவனோடு என்ன கதை.

அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன் பதிந்த பாட்டுகள் அவை. ப்ளூஸ் என்றும் ஜாஸ் என்றும் சொல்வார்கள். எனக்கு அவை கிடைத்தது ஹென்ரிக் என்ற வெள்ளைக்கார எஞ்சினியரிடமிருந்து. சுனாமிக்குப் பிறகு, உப்பேறிய கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க வந்தவர். எட்டு மாதம் நான் அவருக்கு வான் ஓட்டினேன். சவூதியில் நான் பொறுக்கிய இங்கிலீஷும் அவருடைய கைச் சைகையும் எங்களுக்குப் போதுமாக இருந்தன. அந்தப் பாட்டுகளில் சிலவற்றைப் பதியும்போது மைக் கூட இல்லையாம். ஒரு தகரக் குழாயின் வாய்க்கு நேரே நின்று பாட வேண்டுமாம். எக்காளம் ஊதுகிறவனின் சத்தம் மற்றவர்களை அமுக்கிவிடும் என்று அவனைப் பின்சுவரோடு நிற்க வைப்பார்களாம். ஊருக்குத் திரும்பும்போது இருநூறு பாட்டுகளை எனக்குத் தந்துவிட்டுப் போனார்.

முதல் வாரம் எனக்கும் இரைச்சல்தான் கேட்டது. இந்த மனிதன் காசு கொடுத்தா இந்தச் சனியனைக் கேட்கிறான் என்று நினைத்தேன். பத்தாம் நாள், ஒரு கிணற்றடியில் வானை நிறுத்திவிட்டுச் சும்மா சாய்ந்திருந்தபோது, இரைச்சலுக்குள் ஒரு கால் பலகையில் தட்டுவது கேட்டது. பாடுகிறவன் தன் காலால் தானே தாளம் போடுகிறான். பிறகு அவன் மூச்சு இழுப்பது கேட்டது. இன்னொரு பாட்டில், ஏழெட்டுப் பேர் ஒன்றாக ஊதுகிற சந்தடிக்குள் ஒரு ஒல்லிக் குழல் தனியே வளைந்து மேலே போவது கேட்டது. இரைச்சலோடு சண்டை பிடிக்கக் கூடாது. அதைத் தன்பாட்டில் விட்டுவிட்டால், கொஞ்ச நேரத்தில் காது அதை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். உள்ளே போய்விட்டால் அந்தப் பாட்டுக்கு ஈடில்லை. இப்போது வருகிற பாட்டெல்லாம் கழுவித் துடைத்து அடுக்கிய பீங்கான். ஒரு மனிதன் அதில் சோறு தின்ற அடையாளமே கிடையாது.

ஒரு பாட்டு வரும்போது மட்டும் ஹென்ரிக் அவசரமாக அடுத்ததற்குத் தட்டிவிடுவார். ஏன் என்று கேட்டேன். சங்கடப்பட்டார். ஆற்று வெள்ளம் ஒரு ஊரை அள்ளிக்கொண்டு போன பாட்டு அது என்றார். போடுங்கள் என்றேன். ஒரு பெண் பாடினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவளுக்கு இனி வீடில்லை என்பது எனக்குத் தெரிந்தது. என் பெண்சாதி நதீரா மௌத்தாகி மூன்று மாதம் கழித்து, அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

நான் அழுது முடிந்ததும் அவர் பாட்டை நிறுத்தினார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். அந்தப் பாட்டின் மூல அச்சைக் கொம்பனிக்காரர்கள் பழைய இரும்போடு சேர்த்து விற்றுவிட்டார்களாம். உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு தட்டு, அதுவும் யாரோ வீட்டில் தேயத் தேயப் போட்டுக் கேட்டதாம். இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் அதைத்தான் கேட்க வேண்டும், வேறு கிடையாது என்றார். என்னிடமும் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. அதை நான் அழித்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

2003இல் மகளுக்கு மூன்று மாதமாக இருக்கும்போது நான் சவூதியில் இருக்கிற தம்மாமுக்கு ட்ரைவராகப் போனேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுப்பது அப்போது எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது. எங்கள் ஊர்ப் பெண்களில் சிலர் கேசட்டில் பேசி, போகிற வருகிற ஆட்களிடம் கொடுத்தனுப்புவார்கள். நதீரா அனுப்பியது ஒரே ஒரு கேசட், அறுபது நிமிடம். கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு பேசியிருந்தாள். பாதிக்கு மேல் எனக்கு ஏச்சு. கூரை ஒழுகுகிறது, நீங்கள் அங்கே ஏசியில் படுத்துக் கிடக்கிறீர்கள் என்று தொடங்கி, பக்கத்து வீட்டு ஆடு இடியப்ப மாவைத் தின்றுவிட்டுப் போன கதை வரைக்கும். பின்னால் கடல் இரையும். மடியில் மகள் சிணுங்குவாள். நதீரா என்னென்ன சொன்னாள் என்பது இன்றைக்கும் எனக்குப் பாடம். எந்தக் குரலில் சொன்னாள் என்பதுதான் என் தலைக்குள்ளிருந்து போய்விட்டது.

நான் ஊருக்குத் திரும்பி மூன்றாம் மாதம் கடல் வந்தது. மகளுக்கு இரண்டு வயதாகப் போகிறது, பால் மறக்கடிக்க வேண்டும் என்று, முதல் நாள்தான் அவளைச் சாகாமத்தில் வயலோடு இருக்கிற என் கூடப்பிறந்த ராத்தா சுபைறாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாலு நாள் உம்மாவைக் காணாவிட்டால் பிள்ளை பாலை மறந்துவிடும் என்பார்கள். நதீரா வீட்டில் நின்றாள், நான் அன்றிரவு ராத்தா வீட்டிலேயே படுத்தேன். கேசட் நான் ஓட்டிப்போன வானுக்குள் இருந்தது. அப்படித்தான் மகளும் நானும் கேசட்டும் தப்பினோம். பிள்ளை பாலையும் மறந்தாள், உம்மாவையும் மறந்தாள்.

பாடசாலையில் அகதி முகாம். குடும்பத்துக்குக் குடும்பம் சேலையால் ஒரு மறைப்பு. ஒருவர் இருமினால் இருபது பேருக்குக் கேட்கும். அங்கே நான் இரவல் ரெக்கோடரில் நதீராவின் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அவளுடைய மூத்த காக்கா அபூசாலி மச்சான் ஒருநாள் வந்து என் பக்கத்தில் இருந்தார். தங்கையைத் தன் கையாலேயே கபுருக்குள் வைத்து அடக்கிய மனிதர். ஊருக்கு நல்லது கெட்டது சொல்கிறவர்.

"மச்சான், அவ மௌத்தான பொம்புள. அவட சத்தத்த கேம்பில இரிக்கிற ஆம்புளயெல்லாம் கேக்கிறானுகள். அவவுக்கு கபுர்ல அது வேதனையா இரிக்காதா?"

"எனக்கு ஆறுதலா இரிக்கி, மச்சான்."

"ஒங்களுக்கு ஆறுதல். அவவுக்கு?"

ரெக்கோடரை நிறுத்தினேன். ஆனால் சும்மா அழித்துவிடவும் மனம் வரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. அது மச்சான் சொன்னதல்ல, என் சொந்தப் புத்தி. மறுமையைப் பற்றி ஒரு மௌலவி செய்த பயான் கேசட் முகாமில் கைமாறிக்கொண்டிருந்தது. அதை நதீராவின் கேசட்டில் பதிந்தால், அந்த நல்ல பேச்சு ஓடுகிற காலமெல்லாம் அதன் நன்மை அவளுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பின்னேரம், இரண்டு கேசட் போடக்கூடிய ரெக்கோடர் ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் பதிந்தேன். ஒரு மணி நேரம் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மச்சான் ஒரு தரம் அடக்கியவளை நான் இரண்டாம் தரம் அடக்கினேன். கடைசியில் முகாமின் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பயானும் முடிகிற இடம்தான். போதும் என்று கேசட்டை வெளியே எடுத்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

மகள் வளர்ந்து கேட்கத் தொடங்கியபோது, உம்மாவின் கேசட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றேன். கடல் எவ்வளவோ கொண்டுபோனது. இதையும் அதன் தலையில் போட்டால் யார் விசாரிக்கப் போகிறார்கள்.

இந்த வருடம் ஹுஸ்னியாவுக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. மாப்பிள்ளை றஸ்மி, கல்முனையில் போன் திருத்துகிறவன், நல்ல பிள்ளை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. நான் பின்னால் கட்டிய ஒற்றை அறைக்குப் போக வேண்டும். அதற்காகச் சாமான் ஒதுக்கும்போது, பழைய சாவிகளும் ஸ்பேனர்களும் கிடந்த தகரப் பெட்டியின் அடியில் ஹுஸ்னியா அந்தக் கேசட்டைக் கண்டெடுத்தாள். மேலே நீல மையில் நதீராவின் எழுத்து: "மகள்ட வாப்பாக்கு."

அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடல் கொண்டுபோனது திரும்பக் கிடைத்துவிட்டது என்று எனக்கும் காட்ட நினைத்திருக்கிறாள். றஸ்மியிடம் சொல்லி ஒரு பழைய ப்ளேயரைத் தேடி எடுப்பித்து, பின்னேரம் லொறியிலிருந்து இறங்கிய என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். பட்டனை அழுத்தினாள். மௌலவி பேசத் தொடங்கினார்.

ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டாள். கேசட்டை எடுத்து மறுபக்கம் போட்டாள். அதிலும் மௌலவி. நிறுத்தினாள்.

"வாப்பா, இது உம்மாட எழுத்துத்தானே?"

"ஓம்."

"அப்ப உம்மா எங்க?"

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். சொன்னேன். முகாம், மச்சான், பயான், நன்மை, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"நன்மை போய்ச் சேந்துச்சா, வாப்பா?" என்று கேட்டாள்.

"அவ என்னென்ன சொன்னா எண்டு எனக்குப் பாடம், மகள். சொல்லட்டா?"

"வேணாம். அது ஒங்கட சத்தம்." கேசட்டில் இருந்த எழுத்தை விரலால் தடவினாள். "நான் கதைச்சா உம்மா கதைக்கிற மாதிரியே இரிக்காம். சுபைறா மாமி சொல்லுவா. நான் என்ட சத்தத்த போன்ல பதிஞ்சு, கதவப் பூட்டிட்டுக் கேட்டுப் பாப்பன். சின்ன வயசில இருந்து அதுதான் செய்யிறன்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "இரைச்சலுக்குள்ள ஆள் இரிக்கும், கேக்கத் தெரிஞ்சாக் கேக்கும் எண்டு நீங்கதானே சொல்லுவீங்க. கேளுங்க. உம்மாவத் தேடித் தாங்க."

கலியாணத்துக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னறையில் இருந்தேன். கோமாரிப் பயணத்தை வேறு ஆளிடம் கொடுத்தேன். பழைய ரெக்கோடர்கள் சரியாக அழிப்பதில்லை, பழைய சத்தம் புதியதன் அடியில் மங்கலாகக் கிடக்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம். மௌலவி மூச்சு விடுகிற இடமெல்லாம் நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பக் கேட்டேன். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே இருக்கிற அரை வினாடிக்குள் காதை நுழைத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் போனது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு கூலிக்காரனின் மூச்சைக் கேட்ட காதுக்கு, என் சொந்தப் பெண்சாதியின் ஒரு 'ம்' கிடைக்கவில்லை. மரணத்தைப் பற்றிய பயான்தான் எனக்கு மனப்பாடமானது.

பதினாறாம் நாள் இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு வந்தேன். மௌலவியின் குரல் இழுபட்டு, தடித்து, அப்படியே நின்றது. ஜெனரேட்டர் நின்ற இடம். அதற்கு அப்பால் நான் பதியவில்லை. அதற்கு அப்பால் நான் அழிக்கவும் இல்லை.

தாச்சி கொதித்தது. இருபது வருடம் வெக்கையும் உப்புக்காற்றும் தின்ற நாடா, வேறெப்படி இருக்கும். நான் வழக்கம்போல அதைத் தன்பாட்டில் விட்டேன். உள்ளே கடல் இரைந்தது. கடலுக்கு முன்னால் ஒரு பிள்ளை அழுதது. பிள்ளையின் அழுகைக்கு அடியில், தப், தப், தப் என்று ஒரு சத்தம். முதுகில் தட்டுகிற கை. அழுகை மெல்லக் குறைந்துகொண்டு போனது. நாடா முடிந்தது. மொத்தம் பத்தொன்பது வினாடி. ஒரு சொல் இல்லை. அறுபது நிமிடமும் வாய் மூடாமல் என்னை ஏசியவள், வாய் மூடியிருந்த பத்தொன்பது வினாடியைத்தான் நான் மிச்சம் வைத்திருந்தேன். மேசையில் தலையை வைத்து அழுதேன்.

றஸ்மி அதைப் போனுக்கு மாற்றித் தந்தான். மறுநாள் வந்து, "மாமா, இரைச்சலெல்லாம் எடுத்துட்டன், கேளுங்க, எவ்வளவு துப்புரவா இரிக்கி" என்று போட்டுக் காட்டினான். பிள்ளையின் அழுகை பக்கத்தில் நின்று அழுவதுபோலத் தெளிவாக இருந்தது. கடல் இல்லை. பொரிகிற சத்தம் இல்லை. கையும் இல்லை. இரைச்சலோடு இரைச்சலாக அந்தத் தட்டலையும் மிசின் துடைத்து எறிந்துவிட்டது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பிள்ளை தனியே அழுதுகொண்டிருந்தது.

நான் அவனை ஏசினேன். மருமகனாக வரப்போகிறவனை ஏசக்கூடாத ஏச்செல்லாம் ஏசினேன். பாதியில் எனக்கே உறைத்தது. நல்லது என்று நினைத்துத்தான் அவனும் துடைத்திருக்கிறான். அவன் துடைத்தது பிரதியை. நான் துடைத்தது மூலத்தை. அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம். வாயை மூடிக்கொண்டேன்.

ஹுஸ்னியாவைக் கூப்பிட்டு, துடைக்காத கேசட்டைப் போட்டு, ஹெட்போனை அவள் காதில் வைத்தேன்.

"முதல்ல பொரியிற சத்தம்தான் கேக்கும். அத உடு, மகள். அழுற சத்தத்துக்கு அடியில ஒரு கை தட்டும். அது உம்மாட கை."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திரும்பப் போடும்படி கையைக் காட்டினாள். மூன்றாம் தரம் ஓடும்போது, அவளுடைய விரல்கள் முழங்காலில் மெல்லத் தட்டத் தொடங்கின. தப், தப், தப். அவளுக்குக் கேட்டுவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று அந்த நேரம் நினைத்தேன்.

ஹெட்போனைக் கழற்றினாள். "அழுறது நான். தட்டுறது உம்மா. கதைக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றாள். கேசட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி நேரத்துக்கு வந்தது. சோறு மூடிவைத்தபடி இருந்தது. உடுப்பு துவைத்து மடித்திருந்தது. சொல் மட்டும் இல்லை. நான் கேட்டால் தலையை ஆட்டுவாள், அல்லது எழும்பிப் போவாள். அடுத்த அறையில், கலியாணத்துக்கு வந்து நின்ற சுபைறாவோடு தாழ்ந்த குரலில் அவள் கதைப்பது சில வேளை சுவரைத் தாண்டி மங்கலாக வரும். நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிற்பேன். என் காலடி கேட்டதும் அது நின்றுவிடும். ராத்தா சொன்னது உண்மையென்றால், நதீராவின் குரல் உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே இடம் அந்த வாய்தான். இருபத்திரண்டு வருடம் அது என் வீட்டுக்குள்ளேயே, என் லொறியிலேயே, வாப்பா வாப்பா என்று கதைத்துக்கொண்டு திரிந்தது. நான் வேறு ஆட்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். நிக்காஹ் எழுதுவதற்கு முன்னர் வாப்பா, இரண்டு சாட்சிகளோடு போய் மகளிடம் வாயால் சம்மதம் கேட்க வேண்டும். சாட்சிகளில் ஒருவர் அபூசாலி மச்சான். பெண்ணின் தாய்மாமா அல்லவா. தாடி முழுக்க வெளுத்து, தடியூன்றி வந்தார். அறைக்குள் பெண்களுக்கு நடுவே ஹுஸ்னியா இருந்தாள். எனக்குத் தேவைப்பட்டது ஒரு சொல். ஓம் என்றாலும் சரி, மாட்டேன் என்றாலும் சரி. எதைச் சொன்னாலும் சொல்லத்தானே வேண்டும், இன்றைக்குத் தப்ப முடியாது என்று காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மகள், றஸ்மிக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க எனக்குச் சம்மதம் தாறியா?"

மின்விசிறி கரகரத்தது. யாருடையவோ காப்பு உரசியது. வெளியே பந்தலில் கதிரைகளை இழுத்தார்கள். ஒரு பிள்ளை சிணுங்கியது. நான் பழகியபடி எல்லாவற்றையும் தன்பாட்டில் விட்டேன். எல்லாம் விலகியது. உள்ளே அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. சேலைத் தலைப்பின் கீழிருந்து அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஓம் சொல்லு, மகள்" என்றேன். அது கேள்வியாக வரவில்லை, கெஞ்சலாகத்தான் வந்தது.

அபூசாலி மச்சான் என் தோளில் கையை வைத்தார். "கன்னிப் பொம்புள பேசாம இரிந்தா அதுதான் சம்மதம், மச்சான். வேற என்ன வேணும்? வாங்க, சுணங்குது."

மார்க்கத்தில் அவர் சொன்னது சரி. நான் திரும்பி நடந்தேன். சபையில் போய் இருந்து, என் மகள் ஹுஸ்னியா சம்மதம் தந்துவிட்டாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவளுடைய நிக்காஹ்வில் கேட்டது என் குரல் மட்டும்தான்.